பாவித்த கமராவுக்கு விலை போடுவதும் புதிதுக்கு மாறலாமா என்று முடிவெடுப்பதும்: முழு வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிற தம்பிமார் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணன், இருக்கிறதைக் குடுத்திட்டு புல் பிரேம் எடுக்கவா?" (புல் பிரேம் என்றால் படம் பதிகிற சென்சர் பெரிதாக உள்ள கமரா.) கையில் இருப்பது இன்று என்ன விலைக்குப் போகும், அவர்களுடைய படம் எந்த இடத்தில் பிழையாகிறது, மாறுவதற்கு மொத்தமாக எவ்வளவு காசு வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெரும்பாலான ஆக்கள் போகிற ஒழுங்கு தலைகீழானது. முதலில் புதிய கமராவில் ஆசை வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு மிச்சக் காசுக்காகப் பழையதை அவசரத்தில் யாரோ சொல்கிற விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சோதனை முதலில், விலை அடுத்து, முடிவு கடைசியில். கீழே அந்த ஒழுங்கிலேயே போகிறேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் படிகள் ஒன்றுதான்.

1. தொடங்க முன் எடுத்து வைக்க வேண்டியவை

முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி, வெறுமையான மெமரி கார்ட், நல்ல வெளிச்சமுள்ள சின்ன டோர்ச் (போன் லைட்டும் காணும்), ஒரு பிளாஷ், லெப்டொப், கமராவின் யுஎஸ்பி வயர். வாங்கப் போகிறவர் என்றால் சொந்தக் கார்டையும் பிளாஷையும் கொண்டு போங்கள். விற்பவரிடம் இருக்கிற பிளாஷ் வேலை செய்யாவிட்டால், பிழை பிளாஷிலா கமராவிலா என்று அந்த இடத்தில் கண்டுபிடிக்க ஏலாது.

பில், பெட்டி, வாரண்டி கார்ட் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். பெட்டிக்கு என்று பெரிய விலை இல்லை. ஆனால் பெட்டியில் இருக்கிற தொடர் இலக்கமும் கமராவின் அடியில் இருக்கிற இலக்கமும் ஒன்றாக இருந்தால், பொருள் யாருடையது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

2. இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள்

"கமரா செட்" என்று ஒரே பொருளாக நினைப்பதுதான் விலைப் பிழையின் முதல் காரணம். பாடி (லென்ஸ் இல்லாத கமரா) தனி, ஒவ்வொரு லென்ஸும் தனி, பிளாஷ் தனி, பற்றரிகள் தனி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாடியின் விலை புதிய மொடல் வர வர இறங்கும், நல்ல லென்ஸ் மெதுவாகத்தான் இறங்கும். கெனன் இஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பூட்டுகிற அமைப்பு) 1987 இல் வந்தது. அந்த லென்ஸ்களை இன்றைய ஆர் வரிசைக் கமராவில் அடாப்டர் போட்டு முழு ஓட்டோ போகஸோடு பாவிக்கலாம். அதனால் நல்ல லென்ஸை வாங்க ஆள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு விலை சொன்னால் லென்ஸின் பெறுமதி பாடிக்குள் கரைந்து போகும்.

விதிவிலக்கு 18-55 மாதிரி, பாடியோடு சேர்த்து விற்கிற கிட் லென்ஸ். அதைத் தனியாக விற்றால் கிடைப்பது சொற்பம். ஆனால் அது இல்லாத பாடியைப் புதிதாகப் பழகுகிறவர் வாங்க மாட்டார். அதைப் பாடியோடு விடுங்கள். பேக், ட்ரைபொட், யூவி பில்டர் எல்லாம் பேரம் முடிக்கும்போது சும்மா கொடுக்கிற பொருட்கள், அவற்றுக்குத் தனி விலை எழுத வேண்டாம்.

3. சோதனை: இங்கே அவசரப்பட வேண்டாம்

இந்தப் படிக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நம்முடைய ஊரில் கமரா பழுதாகிற விதம் கொழும்பில் பழுதாகிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரியில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை உடுப்பே காயாத ஈரம். ஆகவே முதலில் உப்பையும் பூஞ்சணத்தையும் தேடுங்கள்.

*உப்பு.* கமராவைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சின்ன ஆணிகளின் தலையைப் பாருங்கள். பிறகு ட்ரைபொட் பூட்டுகிற துளை, பிளாஷ் செருகுகிற தண்டவாளம், பெல்ட் மாட்டுகிற வளையம். கறுப்பாக இருக்க வேண்டிய ஆணித் தலையில் செம்பு நிறத் துரு, அல்லது வளையத்தின் ஓரத்தில் பச்சைப் பொருக்கு இருந்தால், அந்தக் கமரா பாசிக்குடா, கல்லடிக் கடற்கரை, அறுகம்பைப் பக்கம் நன்றாக வேலை செய்திருக்கிறது, துடைக்கப்படவில்லை என்று அர்த்தம். வெளியில் தெரிகிற துருவுக்கு விலை குறைப்பது உள்ளே தெரியாத துருவுக்காகத்தான். பிளாஷ் தண்டவாளத்தில் துரு என்றால் கட்டாயம் பிளாஷைப் போட்டு இருபது முப்பது தரம் அடித்துப் பாருங்கள், இடையில் ஒன்றிரண்டு தவறினால் கலியாண வீட்டில் தாலி கட்டும்போதும் தவறும்.

*பூஞ்சணம்.* லென்ஸைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்து, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் போகிற துவாரத்தை, முழுதாகத் திறந்து (பல நிக்கோன் லென்ஸில் பின்னால் இருக்கிற நெம்பைத் தள்ளலாம், கெனன் இஎஃப் லென்ஸ் கழற்றினாலே திறந்திருக்கும்) பின்பக்கமாக டோர்ச்சைப் பிடித்து முன்பக்கமாகச் சரித்துச் சரித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரிக்கும்போது ஓரத்திலிருந்து சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் உள்ளே ஓடினால் அது பூஞ்சணம். புள்ளி புள்ளியாக இருப்பது தூசி, அதற்காகப் பயப்பட வேண்டாம், பாவித்த லென்ஸ் எல்லாவற்றிலும் இருக்கும். முழுக் கண்ணாடியிலும் பால் படர்ந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் அதுதான் படத்தை அதிகம் கெடுக்கும், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும்.

ஓரத்தில் சின்னதாக இருக்கிற பூஞ்சணம் படத்தில் தெரியாது என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அது வளரும், கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் கழுவினாலும் தடம் போகாது, நீங்கள் திரும்ப விற்கும்போது அடுத்தவரும் டோர்ச் அடிப்பார்.

*ஷட்டர் கவுண்ட்.* ஷட்டர் இதுவரை எத்தனை தரம் அடித்திருக்கிறது என்ற எண் இது. நிக்கோனில் படத்தின் தகவலுக்குள்ளேயே இந்த எண் இருக்கும், எடிட் செய்யாத ஒரு படத்தை எக்ஸிஃப் (படத்தோடு பதிகிற தகவல்) வாசிக்கிற மென்பொருளில் திறந்தால் காணும். கெனனின் பெரும்பாலான மொடல்களில் படத்துக்குள் இருக்காது, யுஎஸ்பி வயரால் லெப்டொப்பில் இணைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் வயரைக் கொண்டு போகச் சொன்னேன்.

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ சந்தோஷப்படவோ வேண்டாம், அந்த மொடலுக்குக் கம்பனி சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். கெனன் 80டி, 6டி மார்க் 2 ஆகியவற்றுக்கு 100,000. கெனன் 5டி மார்க் 3, நிக்கோன் டி750 இரண்டுக்கும் 150,000. சோனி ஏ7 மார்க் 3, நிக்கோன் டி850 இரண்டுக்கும் 200,000. ஒரு கலியாணத்துக்கு 2,000 படம் என்றால் 50 கலியாணத்தில் ஒரு லட்சம் முடிந்துவிடும், ஆகவே "வீட்டுப் பாவனைதான்" என்று சொல்கிறவரின் கமராவில் 90,000 இருந்தால் அந்தக் கதையில் பிழை இருக்கிறது. அளவு தாண்டின உடனே ஷட்டர் செத்துப்போகும் என்றில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாற்றுகிற செலவு வாங்குபவர் தலையில், ஆகவே அதை விலையில் கழிப்பது நியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். வீடியோ எடுத்த நேரம் ஷட்டர் கவுண்டில் ஏறாது. கவுண்ட் 8,000 தான், ஆனால் மணிக்கணக்கில் வீடியோ ஓடின கமராவாக இருக்கலாம். எச்டிஎம்ஐ, மைக் துளைகள் தளர்ந்திருக்கிறதா என்று வயரைச் செருகி ஆட்டிப் பாருங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டபடி ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 இல் சில செக்கன் திறந்து ஒரு படம் எடுத்து, லெப்டொப்பில் பெருப்பித்து, சிவப்பு, நீலப் புள்ளிகள் எவ்வளவு என்று பாருங்கள். சில இருப்பது வழமை. வெளிச்சமான படத்திலும் நிற்கிற புள்ளிகள்தான் தலையிடி.

*சென்சர்.* வெள்ளைச் சுவரை அல்லது வானத்தை எப் 16 இல் (எப் என்பது அப்பர்ச்சரின் எண், எண் கூடக் கூடத் துவாரம் சின்னது) போகஸ் இல்லாமல் எடுங்கள். மங்கலான கரும் வட்டங்கள் தூசி, அதைத் துடைக்கலாம். கூரான கோடு இருந்தால் யாரோ துடைக்கப் போய்க் கீறியிருக்கிறார்கள், அந்தக் கமராவை விட்டுவிடுங்கள், எந்த விலைக்கும் வேண்டாம்.

*மற்றவை.* எல்லா பட்டனும், எல்லா டயலும். போகஸ் மேற்பக்கப் பட்டனில் மட்டுமல்ல, பின்பக்க பட்டனிலும். கார்டை நாலைந்து தரம் போட்டு எடுத்துப் பாருங்கள். சூம் லென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் நடுவிலும் எப் 8 வைத்துத் தொடர்ந்து அடியுங்கள். முதல் வரவு கெனன் 24-105 எப் 4 எல் லென்ஸில் உள்ளே இருக்கிற மெல்லிய நாடா வயர் அறுந்து எரர் 01 காட்டுவது பெயர்போன வியாதி. அது முழுதாகத் திறந்த அப்பர்ச்சரில் தெரியாது, மூடும்போதுதான் மாட்டும்.

பற்றரியை மெனுவில் பாருங்கள். நிக்கோன் டி750, டி7200 மாதிரியானவற்றில் பற்றரியின் வயது 0 இலிருந்து 4 வரை காட்டும், 4 என்றால் மாற்ற வேண்டும். கெனன் 80டி, 6டி, 5டி வரிசையில் மூன்று கட்டங்களாகக் காட்டும். அதே மெனுவில் பற்றரியை அடையாளம் காணவில்லை என்று எச்சரிக்கை வந்தால் அது பெரும்பாலும் கம்பனிப் பற்றரி இல்லை.

4. சந்தை விலையைக் கண்டுபிடித்தல்

இப்போதுதான் விலை. முதலில் ஒன்றைத் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள்: நீங்கள் வாங்கின விலை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. 2019 இல் கொடுத்த காசுக்கும் இன்றைய விலைக்கும் இடையில் இவ்வளவும் நடந்திருக்கிறது. அதனால் வாங்கின விலையை விடக் கூடக் கிடைக்கிற பொருளும் இருக்கிறது, பாதியும் கிடைக்காத பொருளும் இருக்கிறது. "நான் அவ்வளவு குடுத்தனான்" என்பது உங்கள் கணக்கு, வாங்குபவருக்கு அது தேவையில்லை.

தேட வேண்டியவை மூன்று.

முதலாவது, அதே மொடல் அல்லது அதன் இடத்துக்கு வந்த மொடல் இன்று கடையில் புதிதாக என்ன விலை. முகவர் வாரண்டியோடு ஒரு விலை, கடை வாரண்டியோடு இன்னொரு விலை இருக்கும், இரண்டையும் கேட்டு எழுதுங்கள். இதுதான் உச்சவரம்பு. பாவித்தது இதற்குக் கிட்ட வந்தால் யாரும் வாங்க மாட்டார், இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதையே எடுத்துவிடுவார்.

இரண்டாவது, விளம்பரங்கள். இக்மன், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் இலங்கை முழுக்கத் தேடுங்கள், மட்டக்களப்பு மட்டும் போட்டால் ஒன்றிரண்டுதான் வரும். ஆனால் கவனியுங்கள், விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. ஒரு மாதமாக அங்கேயே கிடக்கிற விளம்பரம் "இந்த விலைக்குப் போகாது" என்றுதான் சொல்கிறது. அதைப் பார்த்து விலை போடுவதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு விளம்பரத்தின் விலையையும் திகதியையும் குறித்து வைத்து, எது சீக்கிரம் மறைந்தது என்று பாருங்கள். மறைந்தவற்றின் இலக்கத்துக்கு அழைத்து, "அண்ணன், அந்தக் கமரா போயிட்டா, என்ன விலைக்குக் குடுத்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் சொல்லிவிடுவார்கள். விற்று முடிந்த ஆளுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது, வெளிநாட்டுக் கடைகளின் விலை. எம்பிபி, கேஇஎச் மாதிரியான பாவித்த கமராக் கடைகள் தரம் பிரித்து விலை போடும். அந்த டொலரை ரூபாயாக மாற்றிப் பார்க்க வேண்டாம், நம் ஊர் வரியும் தட்டுப்பாடும் அதில் இல்லை. விகிதத்தை மட்டும் எடுங்கள்: நல்ல நிலையில் உள்ளதற்கும் தேய்ந்ததற்கும் எத்தனை சதவீத வித்தியாசம், ஒரு மொடல் இன்னொன்றை விட எவ்வளவு கூட. உள்ளூரில் உங்கள் மொடலுக்கு ஒரு விளம்பரமும் கிடைக்காதபோது இது நல்ல துணை.

ஸ்டூடியோக்காரரோ கடைக்காரரோ சொல்லும் விலை இவற்றை விடக் குறைவாக இருக்கும். அவர் அதைத் துடைத்து, கொஞ்ச நாள் வைத்திருந்து, வாரண்டி சொல்லி விற்க வேண்டும். அது கொள்ளை இல்லை, ஆனால் அதுதான் உங்கள் அடிமட்டம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. கழிக்க வேண்டியதைக் கழித்து, மூன்று விலை எழுதுதல்

ஒரு எடுத்துக்காட்டு. இந்த எண்கள் கணக்கு விளங்க நான் போட்டவை, சந்தை விலை அல்ல. கெனன் 200டி, கிட் லென்ஸோடு. விளம்பரங்கள் 118,000 முதல் 135,000 வரை. சீக்கிரம் மறைந்தவை 118,000 உம் 120,000 உம், கேட்டுப் பார்த்ததில் கைக்கு வந்தது 112,000 முதல் 115,000. ஆகவே நல்ல நிலையில் உள்ளதன் உண்மை விலை 115,000 என்று வைப்போம்.

இதிலிருந்து, திருத்த என்ன செலவாகுமோ அதைக் கழியுங்கள். பற்றரி களைத்துவிட்டது என்றால் ஒரு புதிய பற்றரியின் விலை. பிடியின் ரப்பர் உரிந்தால் அதை மாற்றுகிற கூலி. இவை நேரான கணக்கு. பூஞ்சணத்துக்கும் துருவுக்கும் செலவை விடக் கூடவே கழிக்க வேண்டும், ஏனென்றால் அவை எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பில் இல்லாததற்கும் கொஞ்சம். கீறல்களுக்கு, அவை கண்ணாடியில் இல்லாதவரை, மிகக் குறைவு. வெளித்தோற்றத்துக்குப் பெரிய விலை குறைத்துக் கேட்கிறவரோடு வாதாடத் தேவையில்லை, அடுத்த ஆளைப் பாருங்கள்.

கழித்தபின் 108,000 வந்தது என்றால் மூன்று எண்களை எழுதுங்கள்: விளம்பரத்தில் போடுவது 116,000, எதிர்பார்ப்பது 108,000, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்பது 102,000. மூன்றாவதைப் பேரம் தொடங்க முன்பே எழுதுவதுதான் முக்கியம். வந்த ஆள் கைக்காசை எண்ணிக் காட்டும்போது யோசித்தால், வருகிற எண் உங்களுடையதாக இருக்காது, அவருடையதாக இருக்கும். வாங்குபவரும் அப்படித்தான், தன் மேல் எல்லையை வீட்டில் வைத்தே எழுதட்டும்.

பழுதுகளை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள், துருப்பிடித்த ஆணியைக் கிட்ட வைத்துப் படமெடுத்தே போடுங்கள். காத்தான்குடியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ பெற்றோல் அடித்து வந்த ஆள் அங்கே புதிதாக ஒரு பழுதைக் கண்டால், அதன் பெறுமதியைப் போல இரண்டு மடங்கு குறைத்துக் கேட்பார், கோபமும் வேறு.

6. மாறலாமா: பிழையாகிப்போன படங்களைப் பாருங்கள்

விலை கையில் இருக்கிறது. இப்போது கடைக்குப் போக வேண்டாம், கடைசியாக எடுத்த ஆறேழு வேலைகளின் போல்டரைத் திறவுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாமல் ஒதுக்கின படங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் ஒதுக்கப்பட்டது என்று ஒரு சொல் எழுதுங்கள்: அசைவு, புள்ளி (இருட்டில் எடுக்கும்போது மணல் தூவின மாதிரி வருவது), போகஸ், தூரம், வெளிச்சம், நேரம் தவறியது. எது அதிகமோ அதுதான் நீங்கள் வாங்க வேண்டியதைச் சொல்லும்.

அசைவும் புள்ளியும் என்றால் லென்ஸ் அல்லது பிளாஷ். தூரம் என்றால் லென்ஸ். அறுகம்பையில் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு எடுக்கப் போகிறவர் 18-55 ஐ விட்டு, அதே 55 எம்எம் நீளத்தோடு புல் பிரேமுக்கு மாறினால் ஆள் இன்னும் சின்னதாகத்தான் தெரியும், 55-250 ஒன்று அவருடைய பிரச்சினையை அன்றைக்கே தீர்க்கும். நேரம் தவறியது என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு இரவில் எடுக்கிறவரை வைத்துக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் புல் பிரேம் கேட்பது இந்த வெளிச்சத்துக்குத்தான். கிட் லென்ஸ் 55 இல் எப் 5.6 வரைதான் திறக்கும், அசைவு நிற்க வேண்டுமென்று ஷட்டரை வைத்தால் ஐஎஸ்ஓ 12800 க்குப் போகிறது, படம் முழுக்கப் புள்ளி. அதே பாடியில் 50 எம்எம் எப் 1.8 லென்ஸைப் போட்டு எப் 2 இல் எடுத்தால் மூன்று ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூட, ஐஎஸ்ஓ 1600 க்கு இறங்கிவிடும். சென்சர் சின்னதான ஏபிஎஸ்-சி யிலிருந்து புல் பிரேமுக்கு மாறினால், ஒரே காலத்துச் சென்சர் என்றால், கிடைப்பது ஏறக்குறைய ஒரு ஸ்டொப். லென்ஸ் மூன்று, பாடி ஒன்று. இதை எழுதிப் பார்க்காதபடியால்தான் பலர் பெரிய காசைப் பாடியில் போட்டு, அதே எப் 4, எப் 5.6 லென்ஸோடு நின்று, "நினைச்ச அளவுக்கு இல்லையே" என்கிறார்கள்.

50 எம்எம் சின்ன வீட்டுக்குள் நெருக்கும், கெனன் ஏபிஎஸ்-சி யில் அது 80 மாதிரி நிற்கும். குடும்பப் படம் சுவருக்குள் அடங்காது. அங்கே 17-50 எப் 2.8 மாதிரி ஒரு சூம்தான் சரி, அதிலும் கிட் லென்ஸின் நீள முனையை விட இரண்டு ஸ்டொப் கிடைக்கும்.

பாடி மாற்றத்தான் வேண்டும் என்கிற காரணங்களும் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கலியாணத்தைத் தனியாகப் பொறுப்பெடுக்கிறீர்கள், கமராவில் ஒரே ஒரு கார்ட் துளை: இது உண்மையான காரணம், கார்ட் ஒன்று பழுதானால் தாலி கட்டைத் திரும்ப எடுக்க முடியாது. இங்கேயும் மொடலைக் கவனியுங்கள், 6டி மார்க் 2 புல் பிரேம்தான், ஆனால் அதற்கும் ஒரு கார்ட்தான். டி750, 5டி மார்க் 3, ஏ7 மார்க் 3 இல் இரண்டு. வாடிக்கையாளர் 4கே வீடியோ கேட்கிறார், உங்கள் கமராவில் இல்லை: இதுவும் காரணம். ஷட்டர் கம்பனி அளவைத் தாண்டிவிட்டது, வேலை நிறைய இருக்கிறது: காரணம். ஓடுகிற ஆளின் கண்ணைப் பிடிக்கிற ஓட்டோ போகஸ் உங்களுக்குத் தினமும் தேவை: அதுவும்தான்.

7. மாறுகிற முழுச் செலவு

புதிய பாடியின் விலையிலிருந்து பழையதன் விலையைக் கழித்து "இவ்வளவுதான் வேணும்" என்று சொல்வது அரைக் கணக்கு. அதே 200டி காரர் பாவித்த 6டி மார்க் 2 க்குப் போகிறார் என்று வையுங்கள் (எண்கள் மறுபடியும் கணக்குக்கு மட்டும்).

பாடி 280,000. அவரிடம் இருக்கிற இஎஃப்-எஸ் லென்ஸ்கள் (ஏபிஎஸ்-சி க்கு என்றே செய்தவை) புல் பிரேமில் மாட்டவே மாட்டாது, ஆகவே பாவித்த 24-105 எப் 4 ஒன்று 110,000. பற்றரி வகையும் வேறு, மேலதிகம் இரண்டு வாங்க 25,000. கூட்டினால் 415,000. பழையதற்கு 108,000 வந்தால் கையிலிருந்து போடுவது 307,000. கிடைக்கும் வெளிச்சம், எப் 5.6 இலிருந்து எப் 4 க்கு ஒரு ஸ்டொப், சென்சரில் ஏறக்குறைய ஒன்று, மொத்தம் இரண்டு.

மறுபக்கம், 200டி யை வைத்துக்கொண்டு பாவித்த 17-50 எப் 2.8 க்கு 60,000, 50 எம்எம் எப் 1.8 க்கு 30,000, நல்ல பிளாஷ் ஒன்றுக்கு 35,000. மொத்தம் 125,000, வெளிச்சத்தில் இரண்டிலிருந்து மூன்று ஸ்டொப். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முடிவு தானாக வந்துவிடும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே மடங்குகிற கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமரா) போகிறவர்கள் இன்னும் சிலதைச் சேர்க்க வேண்டும். அடாப்டர். நிக்கோன் என்றால், எஃப்டிஇசட் அடாப்டரில் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் ஓட்டோ போகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். மெமரி கார்டும் வேகமானது வேண்டும். கெனனின் புதிய சிஆர்3 ரோ பைலை (கமரா பதிகிற மூலப் படம்) பழைய எடிட் மென்பொருளான லைட்ரூம் 6 திறக்காது, ஒவ்வொரு முறையும் டிஎன்ஜி என்ற பொது வகைப் பைலாக மாற்ற வேண்டும், அல்லது மென்பொருளுக்குக் காசு. லெப்டொப் பழையதென்றால் 4கே வீடியோவை வெட்டும்போது நின்று நின்று ஓடும். இவ்வளவும் சேர்த்துத்தான் விலை.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். சீட்டுக் காசு என்றால் வேறு, வீட்டு நகையை அடகு வைத்தென்றால் மாத வட்டியையும் செலவில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: இந்தப் புதிய கமராவால் ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு கூடக் கேட்க முடியும்? 10,000 கூடக் கேட்கலாம் என்றால் 307,000 ஐ எடுக்க 31 கலியாணம். ஒன்றும் கூடக் கேட்க முடியாது, வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது என்றால் இந்த வருடம் மாற வேண்டாம். ஆசைக்காக, சொந்தப் படத்துக்காக வாங்குகிறேன் என்பதும் சரியான பதில்தான், ஆனால் அப்போது அதை அடகுக் காசில் செய்யக் கூடாது.

8. எப்போது விற்பது, எப்படிக் கைமாற்றுவது

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் கலியாணம் வைப்பதில்லை, நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலும் குறைவு. அந்த நேரங்களில் வேலையில்லாமல் விற்கிறவர்கள் கூட, வாங்குகிறவர்கள் குறைவு. ஆகவே வாங்குவதானால் அப்போது தேடுங்கள், விற்பதானால் தை பிறந்ததும் பெருநாளை அண்டியும் போடுங்கள். மாரிக்கு முன் விற்க முடிந்தால் அதில் வேறொரு நன்மை, லென்ஸ் இன்னொரு ஈரக் காலத்தை உங்கள் அலுமாரியில் கழிக்க வேண்டியதில்லை. விற்கும் வரை காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், முடிந்தால் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம், பார்க்காத ஆளுக்குக் கூரியரில் பொருளும் அனுப்ப வேண்டாம். கொழும்பில் நல்ல விலைக்கு இருக்கிறதென்றால் இரவு பஸ்ஸில் போய்ச் சோதித்து வாங்கி வருகிற செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், பல தடவை உள்ளூரில் கொஞ்சம் கூடக் கொடுப்பதே மலிவு. சந்திக்கிற இடம் தெரிந்த ஸ்டூடியோவாக இருந்தால் நல்லது, வெளிச்சமும் லெப்டொப்பும் மேசையும் இருக்கும். மூன்றாம் படியின் சோதனை முழுவதையும் அங்கே செய்ய விடுங்கள், அவசரப்படுத்துகிற ஆளிடம் வாங்கவும் வேண்டாம்.

கொடுக்க முன் மெனுவில் உரிமையாளர் பெயர் பதிந்திருந்தால் அழியுங்கள், போனோடு இணைத்த வைபையை நீக்குங்கள், எல்லாவற்றையும் ரீசெட் செய்யுங்கள், கார்டை எடுத்துவிடுங்கள். ஒரு தாளில் மொடல், பாடியின் தொடர் இலக்கம், லென்ஸின் தொடர் இலக்கம், விலை, திகதி, சொன்ன பழுதுகள், இருவருடைய அடையாள அட்டை இலக்கம் எழுதி இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுங்கள். நாளைக்கு அந்தக் கமரா எங்கேயாவது பிரச்சினையில் மாட்டினால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதுக்காகக் காத்திருக்கும்போது இடையில் ஒரு கலியாண வேலை வந்து விழும், அப்போது இரவல் கமராவோடு ஓட வேண்டியிருக்கும். முடிந்தால் புதியதை முதலில் எடுத்து, ஒரு பிறந்தநாளோ புதுமனைபுகுவிழாவோ, சின்ன வேலை ஒன்றில் இரண்டையும் கொண்டு போய்ப் பாவித்துப் பாருங்கள். புதியதில் ஏதும் பழுது இருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பழையதன் விளம்பரத்தைப் போடுங்கள்.